காற்று வாங்க வந்த ஊர்... இன்று நடக்க இடம் தேடுகிறது! - தாம்பரமும் மாறும் ஃபிட்னஸ் டிரெண்டும்

பீச் - தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் போய் வருபவர்களுக்கு அந்த அறிவிப்பு மனப்பாடம். குரோம்பேட்டைக்கு அடுத்து ‘தாம்பரம் சானடோரியம்’. மெப்ஸ் வளாகத்துக்கு ஷிஃப்ட் போகிறவர்கள், சித்த மருத்துவமனைக்குப் போகிறவர்கள் எல்லாம் இறங்கும் ஸ்டேஷன். சரி, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா?

சானடோரியம் என்றால், காசநோய் வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கி, நல்ல காற்றில் ஓய்வெடுத்து, சத்தான சாப்பாடு சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இடம். கிட்டத்தட்ட 100 வருடங்களுக்கு முன்னால், ‘இங்கே நல்ல காற்று கிடைக்கும்’ என்று நம்பி நோயாளிகளை அழைத்து வந்த ஊர் இது. அதே ஊரில் இன்று ஐ.டி. ஊழியர் ஒருவர் கேட்கும் கேள்வி: “டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லிட்டார். எங்கே போய் நடக்கிறது?”

ஜிம், ஆப், ஸ்மார்ட்வாட்ச், புரோட்டீன் ஷேக், எடை குறைக்கும் ஊசி என்று டிரெண்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எந்த ஆப்பிலும் பதில் இல்லை. ஏன் இது இவ்வளவு முக்கியம்? பார்ப்போம்.

சானடோரியம் வந்த கதை

டாக்டர் டேவிட் சௌரிமுத்து, இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்தி வந்த தமிழ் மருத்துவர். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் சில வாரங்கள் சிகிச்சைக்காகத் தங்கியது அவருடைய சானடோரியத்தில்தான். இந்தியா திரும்பிய சௌரிமுத்து, 1928 ஏப்ரலில் தாம்பரத்தில் வெறும் 12 படுக்கைகளுடன் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். சுற்றிலும் திறந்தவெளி, மரங்கள், காற்று. 1937-ல் அரசு அதை வாங்கியது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான். பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளை மற்ற இடங்கள் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய நேரத்தில், ஆயிரக்கணக்கானோருக்குக் கதவைத் திறந்ததும் இதே மருத்துவமனைதான்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியும் அதே 1937-ல்தான் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு, காடு சூழ்ந்த தாம்பரம் வளாகத்துக்கு இடம் மாறியது. அப்போது தாம்பரம் என்றாலே ‘இடமும் காற்றும் இருக்கும் ஊர்’ என்றுதான் பெயர்.

அந்த டிரெண்ட் எப்படி முடிந்தது?

நல்ல காற்றும் ஓய்வும் காசநோயைக் குணப்படுத்திவிடும் என்பது அந்தக் காலத்தில் உலகமே நம்பிய விஷயம். அதைச் சோதித்துப் பார்த்தது, வேறு எங்கும் இல்லை, நம்ம சென்னை.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் படுக்கை தர சானடோரியங்கள் போதாது. அதனால் 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து சிகிச்சை மையம் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. மருந்து ஒன்றுதான் என்றால், சானடோரியத்தில் இருப்பவருக்கும் நெரிசலான வீட்டில் இருப்பவருக்கும் வித்தியாசம் வருமா?

1959-ல் வந்த முடிவு பலரையும் ஆச்சரியப்படுத்தியது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் அதிக ஓய்வும் கிடைத்திருந்தன. ஆனாலும், ஏழை வீடுகளில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் பரவுவதும் அதனால் கூடிவிடவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக இந்த ‘மெட்ராஸ் ஆய்வு’ ஒரு முக்கியக் காரணம்.

அதாவது, பார்த்தாலே ‘கரெக்ட்டாதான் இருக்கும்’ என்று தோன்றும் ஒரு ஹெல்த் டிரெண்ட், முறையாகச் சோதித்தபோது வேறு பதிலைச் சொன்னது. காசநோய்க்கு இடத்தைவிட மருந்து முக்கியம் என்று ஆனது. சரி, இன்று நம்மைத் துரத்தும் நோய்களுக்கும் இதே பதில்தானா?

இன்றைய நோய்க்கு என்ன மருந்து?

ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வு 2023-ல் வெளியானது. அதன் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில், ‘ப்ரீ-டயாபடிஸ்’ கட்டத்தில் நிற்கிறார்கள். பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் உயர் ரத்த அழுத்தம்.

மாத்திரை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஆனால் வாசலில் நிற்கும் அந்த 13.6 கோடிப் பேர் உள்ளே போகாமல் தடுப்பது எப்படி?

இதற்கும் சென்னையிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, ப்ரீ-டயாபடிஸ் நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தது. 2006-ல் முடிவு வெளியானது. வழக்கமான பொது அறிவுரை மட்டும் கிடைத்தவர்களில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். தினமும் குறைந்தது அரை மணி நேரம் வேகமாக நடப்பது, சாப்பாட்டில் கட்டுப்பாடு என்று தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. ‘மெட்ஃபார்மின்’ மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பலன். இரண்டையும் சேர்த்துச் செய்தாலும் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

இந்த ஆய்வில் யாரையும் ஜிம்மில் சேர்க்கவில்லை, 60 கிலோ தூக்கச் சொல்லவில்லை. வேலைக்கே சைக்கிளிலோ நடந்தோ போய்க்கொண்டிருந்தவர்களிடம் ‘அதையே விடாம செய்யுங்க’ என்றார்கள், அவ்வளவுதான்.

கர்லா கட்டையிலிருந்து ஸ்மார்ட்வாட்ச் வரை

நம்ம தாத்தா காலத்தில் ஃபிட்னஸ் என்றால் தண்டால், பஸ்கி, கர்லா கட்டை. அதற்கு ஒரு கூடமும் ஒரு வாத்தியாரும் போதும். அப்பா காலத்தில் காலை வாக்கிங், சாயங்காலம் கிரவுண்டில் கிரிக்கெட். நம்ம காலத்தில் ஏசி ஜிம், ஜும்பா, மணிக்கணக்குக்கு வாடகை விடும் டர்ஃப், இப்போது பிக்கிள்பால் கோர்ட். கவனித்தால் ஒரு விஷயம் புரியும். சும்மா கிடைத்த இடங்கள் குறையக் குறைய, காசு கொடுத்து நுழையும் இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. டிரெட்மில் என்பதே வாடகைக்குக் கிடைக்கும் சாலைதானே!

இப்போதைய டிரெண்டுகளில் எது உண்மை, எது மிகை?

*10,000 ஸ்டெப்ஸ்:* இந்த எண் டாக்டர்கள் சொன்னது இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடை எண்ணும் கருவியின் பெயரே ‘மான்போ-கெய்’, அதாவது ‘பத்தாயிரம் அடி மீட்டர்’. 57 ஆய்வுகளை அலசி 2025-ல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வெளியான கட்டுரை, ஒரு நாளைக்கு 7,000 அடி நடந்தாலே, 2,000 அடி மட்டும் நடப்பவர்களோடு ஒப்பிட்டால் இறப்பு அபாயம் 47 சதவீதம் குறைவாக இருக்கிறது என்கிறது. வாட்சில் பத்தாயிரம் வரவில்லையே என்று ராத்திரி ஹாலுக்குள் சுற்ற வேண்டியதில்லை.

*புரோட்டீன் பவுடர்:* இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பொருட்களைச் சோதித்து 2024-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 சதவீதத்தில் டப்பாவில் போட்டிருந்த புரோட்டீன் அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. அதே ஆண்டு மே மாதம் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடம்பை ஏற்ற இந்தப் பவுடர்களை நாடாதீர்கள் என்றே சொல்கிறது. முட்டை, சுண்டல், பாசிப்பயறு, மீன் எல்லாம் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன, பாஸ்.

*எடை குறைக்கும் ஊசி:* ‘மவுஞ்சாரோ’ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. இது உண்மையிலேயே வேலை செய்யும் மருந்துதான். ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல், ரீல்ஸ் பார்த்து வாங்கும் பொருள் இல்லை. உடல் அசைவுக்கு மாற்றும் இல்லை.

*ஜிம்:* எடை தூக்குவது நல்லது. உலக சுகாதார நிறுவனமே வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. ஆனால் அதற்கு முன்னால் அது சொல்வது, வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி. எளிய கணக்கு, நிமிடத்துக்கு சுமார் 100 அடி என்ற வேகத்தில், ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள்.

டிரெண்ட் எங்கும் தெரிகிறது... நடக்கிறவர்கள் எங்கே?

இன்ஸ்டாவைத் திறந்தால் ஊரே ஃபிட்டாக இருக்கிற மாதிரி தெரியும். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2024-ல் வெளியான ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ ஆய்வின்படி, 2022-ல் இந்தியாவில் பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் போதுமான உடல் அசைவு இல்லாதவர்கள். 2000-ல் இது 22 சதவீதம்தான். அதாவது ஜிம்களும் ஆப்களும் பெருகிய அதே 20 ஆண்டுகளில், அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களின் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

ஆண்களில் 42 சதவீதம் என்றால், பெண்களில் 57 சதவீதம். இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியுமா? காலை 5.30-க்கு இருட்டாக இருக்கும் தெருவில், நாய்களையும் பைக்குகளையும் தாண்டித் தனியாக நடக்கச் சொன்னால், எத்தனை பேர் போவார்கள்? அந்த நேரத்தில் சமையலை யார் பார்ப்பார்கள்?

இரண்டு காலனி சொல்லும் பாடம்

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, 1990-களின் இரண்டாம் பாதியில் நகரின் இரண்டு குடியிருப்புகளில் ஒரு ஆய்வைத் தொடங்கியது. ஒன்று திருமங்கலம் ஏசியாட் காலனி, நடுத்தர வர்க்கம். மற்றொன்று தி.நகர் பாரதி நகர், குறைந்த வருமானக் குடும்பங்கள்.

முதல் கணக்கெடுப்பில் ஏசியாட் காலனியில் ஒழுங்காக உடற்பயிற்சி செய்தவர்கள் வெறும் 14 சதவீதம். ஆய்வுக் குழு அங்கே தொடர்ந்து விழிப்புணர்வு கூட்டங்கள் நடத்தியது. காலனிவாசிகளுக்கு விஷயம் புரிந்தது. ஆனால் நடக்க இடம்? அவர்களே பணம் திரட்டி, காலனிக்குள் ஒரு பூங்கா அமைத்தார்கள். சில ஆண்டுகளில் உடற்பயிற்சி செய்பவர்கள் 58 சதவீதத்தைத் தாண்டினார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து மறுபடி கணக்கெடுத்தபோது, நடுத்தர வர்க்கக் காலனியில் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்திலிருந்து 15.4 சதவீதமாக மட்டுமே ஏறியிருந்தது. பாரதி நகரிலோ 6.5 சதவீதத்திலிருந்து 15.3 சதவீதத்துக்குத் தாவியிருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல்!

பூங்கா ஒன்றுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சாப்பாடு, வருமானம், வேலையின் தன்மை எல்லாமே அந்தப் பத்து ஆண்டுகளில் மாறின. ஆனால் ஒன்று தெளிவு. ‘நடங்க’ என்று சொல்வதோடு, நடக்க ஒரு இடமும் வாசலில் இருந்தபோதுதான் மக்கள் நடந்தார்கள். பணம் திரட்டிப் பூங்கா கட்ட முடிந்த காலனிக்கு அது கிடைத்தது. முடியாதவர்களுக்கு யார் கட்டித் தருவது?

காசநோய் கதை இங்கே தலைகீழாகிறது. அந்த நோய்க்கு, இடத்தைவிட மருந்து முக்கியம் என்று 1959-ல் சென்னை நிரூபித்தது. சர்க்கரை நோய் விஷயத்தில், மருந்து வாசலுக்கே வந்துவிட்டது. இடம்தான் இல்லை.

சரி, தாம்பரத்தில் எங்கே நடப்பது?

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் உருவானது தாம்பரம் மாநகராட்சி. 70 வார்டுகள். வீடுகள் வந்த வேகத்தில் நடைபாதைகள் வரவில்லை. பல உள்தெருக்களில் வீட்டு வாசல் படி, டிரான்ஸ்ஃபார்மர், நிறுத்திய கார், மழைநீர் வடிகால் மூடி என்று எல்லாம் போக மீதம் இருப்பதுதான் நடக்கிறவருக்கு.

இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012 விதிமுறைப்படி, குடியிருப்புப் பகுதி நடைபாதையில் தடையே இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே இடிக்காமல் கடந்து போகும் அகலம். உங்கள் தெருவில் ஒருமுறை டேப் வைத்து அளந்து பாருங்கள். நடைபாதை என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

2023 நவம்பர் 4-ம் தேதி தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. நடைத்தடம் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால், அங்கே போய் நடக்க முதலில் பைக் எடுக்க வேண்டியிருக்கும். தினமும் நடக்கிறவருக்குத் தேவை, செருப்பை மாட்டியதும் தொடங்கும் பாதை.

அப்படி ஒன்று உருவாக முடியும் என்பதற்கு உதாரணம் சிட்லபாக்கம் ஏரி. குப்பையும் கழிவுநீரும் சேர்ந்து கிடந்த ஏரி அது. 2019 வறட்சியில் ஏரி வற்றியபோது, குடியிருப்புவாசிகளே வார இறுதிகளில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள், விடாமல் குரல் கொடுத்தார்கள். அதே ஆண்டு அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏரி தூர்வாரப்பட்டது, கரையில் நடைபாதை வந்தது. ஜிம் கார்டு இல்லாத தாத்தா பாட்டிகளும், வேலைக்குப் போகும் முன் அரை மணி நேரம் கிடைக்கும் அம்மாக்களும் நடக்க ஒரு கரை கிடைத்தது. தென்சென்னைப் புறநகரில் ஏரிகளுக்குப் பஞ்சமே இல்லை. செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் பீர்க்கன்காரணை என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஏரி இருக்கிறது.

நாம என்ன செய்யலாம்?

முதலில் நமக்கு. 10,000 என்ற டார்கெட்டை மறந்துவிட்டு, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் முடியவில்லையா, பத்து பத்து நிமிடமாகப் பிரியுங்கள். ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ ஏறுவதற்குப் பதில் ஒரு பக்கமாவது நடங்கள். ஆபீஸ் கால் பேசும்போது நாற்காலியை விட்டு எழுந்து நடங்கள். 30 வயது தாண்டிவிட்டது, வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கிறது என்றால், அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் வருடம் ஒருமுறை சுகர், பி.பி. பார்த்துவிடுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே இலவசம்தான். நெஞ்சுவலி, மூச்சு வாங்குவது, ஏற்கெனவே இதய நோய் என்று எதுவும் இருந்தால், கடினமான பயிற்சிகளுக்கு முன் டாக்டரைப் பார்ப்பது கட்டாயம்.

அடுத்து தெருவுக்கு. தமிழ்நாட்டின் நகரப் பகுதிகளில் வார்டு கமிட்டி, பகுதி சபை என்ற அமைப்புகள் வந்திருக்கின்றன. 2022 நவம்பர் 1-ம் தேதி, முதல் முறையாக நடந்த பகுதி சபைக் கூட்டங்களில் ஒன்றில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டது, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்தான். கிராம சபை மாதிரியே, உங்கள் ஏரியாவின் தேவையை நேரில் எழுந்து கேட்கும் இடம் அது. பெரும்பாலும் குடிநீர், குப்பை, சாலை பற்றித்தான் அங்கே பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் இன்னும் மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள். தெருவில் ஆக்கிரமிப்பு இல்லாத நடைபாதை, அதிகாலையில் எரியும் தெருவிளக்கு, பக்கத்து ஏரிக்கரையில் பெண்களும் பயமில்லாமல் நடக்க ஒரு பாதை.

இதைக் கேட்பதும் ஃபிட்னஸ்தான். 1928-ல் நோயாளிகளுக்கு நல்ல காற்று கொடுக்க ஒரு டாக்டர் தேர்ந்தெடுத்த ஊர் இது. நோயாளி ஆவதற்கு முன்பே நடந்து தப்பித்துக்கொள்ள, இந்த ஊர்க்காரர்களுக்கு 1.8 மீட்டர் அகலம் போதும்.